தடியனின் தலைக்கு மேலே

கதவின் மேல்சட்டத்தில் ஏதோ இடித்து அமுங்குகிற சத்தம் கேட்டபோது தொப்பிக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். துப்பறிவாளர்கள் இழுப்பறைக்குள் என்ன பாட்டில் வைத்திருப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். இவருடையது நெஞ்செரிச்சலுக்கு. இரண்டு மூடி குடித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமல் உதட்டில் செருகிக்கொண்டார். டாக்டர் விடச் சொல்லி ஆறு வருடமாகிறது. ஆனாலும் வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்களே, என்ன செய்வது?

"உள்ள வாங்க. பாத்து, இடிச்சுக்காம."

ஆனால் இடித்தது வந்தவனுடைய தலை அல்ல, தலைக்கு மேலே இருந்த குமிழ்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் மனிதர்களுக்கு நடுவே கார்ட்டூன்களும் குடியிருந்தார்கள். பத்திரிகைகளிலும் படப் புத்தகங்களிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். வாடகைக்கு அறை எடுத்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தபால் நிலைய வரிசையில் நமக்குப் பின்னால் இருமிக்கொண்டு நிற்பார்கள். வாயைத் திறந்தால் குரலோடு சேர்ந்து, சொன்னது ஒரு வெள்ளைக் குமிழாகவும் வெளியே வரும். கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத் தரையில் விழுந்து காகிதம்போல் காயும். வாயாடிகள் வீட்டில் தினம் இரண்டு முறை பெருக்க வேண்டும். மனதுக்குள் நினைத்தால் தலைக்கு மேலே மேகம் மாதிரி இன்னொரு குமிழ் வரும். அது விழாது. நினைப்பு இருக்கும்வரை அங்கேயே இருக்கும்.

அடுத்தவர் தலைக்கு மேலே பார்ப்பது அவர்களிடையே மகா கேவலம், குளியலறையை எட்டிப் பார்ப்பதுபோல. ஆகையால் கார்ட்டூன்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் மற்றவருடைய மூக்குக்குக் கீழேதான் பார்ப்பார்கள். பெற்ற பிள்ளையானாலும் அப்படித்தான். மனிதர்களுக்கு அந்த நாகரிகம் ஏது? எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படித்துவிட்டுத்தான் மறுவேலை.

தொப்பிக்காரரும் படித்தார். வந்தவன் தலைக்கு மேலே, ஓரம் பழுப்பேறிய பெரிய குமிழில், இப்படி எழுதியிருந்தது: "இனிமே இவனுக்கு ஒரு வீக்கம்கூட வரக் கூடாது. இவன் என் பக்கத்துலயே இருந்தாப் போதும்."

அவருக்கு ஆளையும் அடையாளம் தெரிந்தது. தடியன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் முப்பது வருடம் வந்த தடியனும் குச்சியும். நாலு கட்டம். முதல் மூன்றில் குச்சி ஏதாவது முட்டாள்தனம் செய்வான். நாலாவதில் தடியன் "மரமண்டை!" என்று திட்டி, இரும்பு வாணலியால் அவன் மண்டையில் ஒன்று போடுவான். மண்டையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம் எழும்பும். மறுநாள் காலையில் அது இருக்காது. ஐந்து வருடம் முன்பு பத்திரிகைக்காரர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிடுங்கி மெத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"குச்சியைக் காணோம் சார்," என்றான் தடியன். குமிழ் மேசையில் விழுந்தது. அதைத் தானே எடுத்துக் கசக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நல்ல வளர்ப்பு. "திங்கக்கிழமை காலையில எழுந்து பாத்தேன். கட்டில்ல ஆளில்ல. போர்வை மடிச்சு வெச்சிருக்கு."

"சண்டையா?"

"சண்டையா? நாங்களா?" அவன் யோசித்தான். "அஞ்சு வருஷமா அவன்மேல என் விரல்கூடப் பட்டதில்ல சார்."

"திட்டுனீங்களா?"

"அதுவும் இல்ல. சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேம்பான். அவ்வளவுதான்."

தொப்பிக்காரர் மறுபடி ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார். இப்படி ஒரு நினைப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருத்தன் ஒரே அறையில் அலையும்போது எவன் தானாக விட்டுவிட்டுப் போவான்? ஆகவே இது கடத்தல். அவருடைய முப்பது வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது. அந்த அனுபவத்தைப் பற்றி அவருக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகமான மரியாதை உண்டு.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது உண்மைதான். கணவனைக் கண்டுபிடித்திருக்கிறார், கணவனிடமிருந்து ஓடியவளைக் கண்டுபிடித்து அவனிடம் சொல்லாமலும் இருந்திருக்கிறார். அவர் அலமாரியில் நானூறு கோப்புகள். அதில் ஒன்றின் முதுகில் "தம்பி" என்று மட்டும் எழுதியிருக்கும்.

அந்தக் கோப்பில் இல்லாத விவரம் இல்லை. தம்பி இருப்பது மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஜன்னல் திரை இரண்டு முறை மாறியிருக்கிறது. போன வருடம் வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டர் வாசலில் நின்றான். இந்த வருடம் கைத்தடி வாங்கினான். எல்லாம் பஸ் ஜன்னல் வழியாகச் சேகரித்தவை. ஒருநாளும் இறங்கியதில்லை.

பதினோரு வருடம் முன்பு, அம்மா போன அன்று, தம்பி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான். கூடியிருந்தவர்கள் முன்னால் அண்ணன் சொன்னார்: "நீ வராமலே இருந்திருக்கலாம்." தம்பி கையிலிருந்த சின்னப் பொட்டலத்தை அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவன்தான். அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாதவன், அதன்பிறகு வரவே இல்லை. பொட்டலத்தில் இருந்தது அம்மாவின் மூக்குக்கண்ணாடி. உடைந்த கம்பியை ஒட்டவைத்துக் கொண்டுவா என்று அவள் கேட்டிருந்தாளாம். கடைக்காரன் தாமதப்படுத்திவிட்டான். இதையெல்லாம் தொப்பிக்காரர் ஒரே வாரத்தில் துப்பறிந்துவிட்டார். துப்பறிந்து என்ன பயன்? கோப்பில் எழுதி அலமாரியில் வைத்தார்.

அன்று பிற்பகலே அவர் தடியனுடைய அறைக்குப் போனார்.

சலவைக்கடைக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் அறை. இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் இரண்டு டம்ளர்கள். சுவரில் அந்த வாணலி தொங்கியது. நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருந்தான். குச்சியின் கட்டிலுக்கு எதிரே அவர்களுடைய கடைசி நாள் கட்டங்கள், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தன. தொப்பிக்காரர் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியோடு தரையில் மண்டியிட்டார். எழுந்திருக்கத் தடியன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"இது என்ன மூட்டை?"

"பெருக்குனது சார். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் குப்பைக்காரர் வருவார்."

"இதுல அவர் பேசுன குமிழும் இருக்குமா?"

"இருக்கும்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

தடியன் முகம் சிவந்தது. கார்ட்டூன்களுக்குச் சிவந்தால் காதுவரைக்கும் ஒரே சிவப்புதான். "அவன் யார்கிட்டயோ பேசினதை நான் எதுக்கு சார் படிக்கணும்? எங்கிட்டப் பேசினதுன்னா அப்பவே காதுல விழுந்திருக்கும்."

தொப்பிக்காரர் மூட்டையைக் கட்டிலில் கொட்டினார். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்". இருநூறு இருக்கும். தன் வீட்டில் பேச்செல்லாம் குமிழாக விழுந்திருந்தாலும் இதுகூடத் தேறாது என்று நினைத்தார். ஒரு மணி நேரம் தேடியபிறகு, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்த ஒரு குமிழ் கிடைத்தது. தொலைபேசியிலிருந்து வருகிற குரல் அப்படித்தான் ரம்பமாக விழும்.

"மறுவரைவு அலுவலகம். உங்கள் முறை வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அழிக்கும்போது வலிக்காது."

வியாழக்கிழமை மாலை நாலு மணி அப்போது.

மறுவரைவு அலுவலகம் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். வேலையற்ற கார்ட்டூன்கள் தாமாகப் போய் எழுதிக் கொடுத்தால் அங்கே பழைய உருவத்தை ரப்பரால் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்து அனுப்புவார்கள். பழைய ஞாபகம் ஒன்றும் மிஞ்சாது. தடியனுக்குத் தெரிந்த ஒரு யானை அங்கே போய், பற்பசை டப்பாவில் சிரிக்கிற பல்லாகத் திரும்பி வந்திருந்தது. தெருவில் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அது மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்டதாம்.

தடியன் கட்டிலில் உட்கார்ந்தான். "தானாவா போனான்?" என்றான். அந்தக் குமிழ் மிகச் சின்னதாக வந்தது. தொப்பிக்காரர் கடத்தல் என்று எழுதியிருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர்கள் அங்கே இருந்தார்கள். தடியன் ஒரு துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். உள்ளே வாணலி. எதற்கு என்று கேட்டதற்கு, "வெறுங்கையோட எப்படி சார் போறது?" என்றான்.

காத்திருப்புக் கூடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, மீசை வைத்த அலாரக் கடிகாரம், சட்டை போட்ட வெண்டைக்காய் என்று இருபது பேர் கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு குமிழ். கூடத்தின் மேல்பகுதி முழுக்க அவைதான், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. "யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விடுவேன்" என்று கொக்குக்கு மேலே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கடிகாரத்துக்கு மேலேயும் ஏறக்குறைய அதே வாசகம். இரண்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே பார்த்தது அந்த அறையிலேயே தொப்பிக்காரர் ஒருவர்தான். அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்த குச்சியும்கூடத் தடியனின் தலைக்கு மேலே பார்த்திருக்க மாட்டான். ஒருமுறைகூட.

குச்சி கடைசி வரிசையில் இருந்தான். தலைமுடியைப் படிய வாரி, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையில் பதினேழாம் எண் சீட்டு. பலகையில் பதினைந்து எரிந்துகொண்டிருந்தது.

தொப்பிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். தடியன் மூன்றடி தள்ளியே நின்றுவிட்டான்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டார் தொப்பிக்காரர்.

"அவன் அனுப்பினானா?" குச்சி நிமிரவில்லை. "பத்திரிகை நின்னுது. மறுநாள் நாலு மணிக்கு நான் தயாரா நின்னேன் சார். தினமும் அடிக்கிற நேரம் அது. அவன் வாணலியை எடுத்தான், எண்ணெய் தடவினான், ஆணியில மாட்டினான். அவ்வளவுதான். அஞ்சு வருஷம். மரமண்டைன்னு ஒரு வார்த்தை? ஒண்ணும் கிடையாது. வேலைக்காகத்தான் என்னை வெச்சிருந்திருக்கான். வேலை போச்சு, நானும் போயிட்டேன்."

"வலிக்காதா உங்களுக்கு?"

"வலிக்கும். ஆனா யாரோ ஒருத்தர் நம்மளத் தேடி வந்து அடிக்கிறாங்க இல்ல?"

தொப்பிக்காரருக்கு நெஞ்செரிச்சல் திரும்பி வந்தது. பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அவர் தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க."

குச்சி அடிபட்டவன்போல் விலகினான். "என்ன சார் பேசறீங்க? பெரிய மனுஷன் பேசற பேச்சா இது?" முன்வரிசையில் வெண்டைக்காய் திரும்பி முறைத்தது.

பலகையில் பதினாறு எரிந்தது. கொக்கு எழுந்து, சட்டையில்லாத தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனது. அதைக் கூப்பிட யாரும் வரவில்லை. கடிகாரம் அது போன கதவையே பார்த்தது.

"நீங்களே சொல்லுங்க," என்று தடியனிடம் திரும்பினார் தொப்பிக்காரர். "வாயால சொல்லுங்க. நேரமில்ல."

தடியன் வாயைத் திறந்தான். கன்னம் இரண்டும் உப்பின. நெற்றியில் கார்ட்டூன் வியர்வை, சொட்டுச் சொட்டாக நாலு பக்கமும் தெறித்தது. முப்பது வருடம் ஒரே மாதிரி வசனம் பேசிய வாய். வெளியே வந்தது இதுதான்: "மரமண்டை."

குச்சியின் கண்ணில் ஒரு விநாடி ஏதோ மினுங்கியது. ஆனால் பழைய பழக்கத்தில் வந்த சொல் என்று அவனுக்குத் தெரியாதா? சீட்டை நீவிவிட்டுக்கொண்டான். தடியன் தலைக்கு மேலே இருந்த அந்தப் பழுப்புக் குமிழ் வீங்கிக்கொண்டே போய்க் கூரையைத் தொட்டு, மின்விசிறியை நிறுத்தியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். சிலர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

பதினேழு எரிந்தது. குச்சி எழுந்தான்.

தொப்பிக்காரர் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் அது சாதாரணக் காரியமில்லை. தொப்பியைக் கழற்றினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், நாகரிகத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உரக்கப் படித்தார்.

"இனிமே இவனுக்கு ஒரு வீக்கம்கூட வரக் கூடாது. இவன் என் பக்கத்துலயே இருந்தாப் போதும்."

யாரோ "ஐயையோ" என்றார்கள். கடிகாரம் வெட்கத்தில் மணியடித்துவிட்டது. தடியன் முகத்தைத் துணிமூட்டையில் புதைத்துக்கொண்டான். அம்மணமாக நிற்பவனுக்குக்கூட அவ்வளவு கூச்சம் இருந்திருக்காது.

குச்சி கதவருகே அப்படியே நின்றான். "அப்படியா இருக்கு?" என்றான். "எப்பலேர்ந்து?"

"ஓரம் பழுத்துப் போயிருக்கு," என்றார் தொப்பிக்காரர். "அஞ்சு வருஷம் இருக்கும்."

"பதினேழு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குச்சி தடியனைப் பார்த்தான். மூக்குக்குக் கீழே, முறைப்படி. "அவர் படிச்சாரு. சரி. நீ சொல்லு. ஒரு வார்த்தை."

மூட்டைக்குள்ளிருந்து தடியனின் முகம் வெளியே வந்தது. உதடு இரண்டு மூன்று முறை அசைந்தது. கடைசியில் ஒரு குமிழ் வந்தது, சட்டைப் பொத்தான் அளவுக்கு. அவ்வளவு சின்னதை அங்கே யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அது மிதக்கக்கூட இல்லை. நேரே தரையில் விழுந்து உருண்டு, குச்சியின் செருப்பில் முட்டி நின்றது.

"வா," என்று அதில் இருந்தது.

குச்சி குனிந்து எடுத்தான். ஊதித் தூசியைத் தட்டினான். கோட்டின் உள்பையில் வைத்துப் பையின்மேல் ஒருமுறை அழுத்தினான். எண் சீட்டைக் கடிகாரத்தின் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் போட்டான். பிறகு இரண்டு பேரும் வெளியே போனார்கள். வாசலில் குச்சி கேட்பது தொப்பிக்காரருக்குக் கேட்டது: "வாணலியை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?" "தெரியல." "நாலு மணிக்கு மெதுவா ஒண்ணு போடு. சும்மா, பழக்கத்துக்கு."

அவரிடம் சொல்லிக்கொள்ள இருவரும் மறந்துவிட்டார்கள். அவர் நாற்காலியிலிருந்து தானாகவே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிரே கண்ணாடித் தடுப்பில் தன் உருவம் தெரிந்தது. வழுக்கை, அதற்கு மேலே வெற்றுச் சுவர். எந்தப் பொறுக்கியும் நாற்காலியில் ஏறி நின்று படிக்கத் தன் தலைக்கு மேலே எதுவும் இல்லை.

பஸ்ஸில் அவர் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு நிறுத்தம். இரண்டு. மருந்துக்கடை தெரிந்தது. மேலே ஜன்னலில் துவைத்த சட்டை ஒன்று தொங்கியது. காலர் கிழிந்திருந்தது, கோப்பில் சேர்க்க வேண்டிய விவரம். பஸ் கிளம்பியபோது அவர் எழுந்து, "ஆள் இறங்கணும்," என்று கத்தினார். நடத்துநர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். குமிழாக வந்திருந்தால் படித்திருக்கலாம்.

இரண்டு மாடி ஏறினார். அழைப்பு மணியை அடித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒருவேளை ஏதாவது தெரிந்தால் தெரியட்டுமே என்ற அசட்டு ஆசைதான்.

கதவு திறந்தது. கைத்தடியோடு தம்பி. அருகில் பார்த்தால் கோப்பில் இருப்பதைவிட ரொம்பக் கிழவனாகியிருந்தான். தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். தலைக்கு மேலே பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது பார்க்க?

"யாரையாவது தேடி வந்தியா?" என்றான்.

இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்கிற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. தொப்பிக்காரர் அதை விழுங்கினார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றார். "கண்ணாடிக் கடைக்காரன் சொன்னான். அந்த வாரமே தெரியும் எனக்கு. அம்மா கேட்டது, நீ அதுக்காகப் போனது, எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வரல."

தம்பி கைத்தடியின் முனையால் மிதியடியை நேராக்கினான். உள்ளே எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"வா," என்றான் தம்பி. கதவை விட்டு ஒதுங்கினான்.

தொப்பிக்காரர் உடனே உள்ளே போகவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார், வாசற்படியில், மிதியடியின் ஓரத்தில். எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள அங்கே ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

"என்னத்தத் தேடறே?" என்றான் தம்பி.

"இன்னொரு தடவை சொல்லேன்," என்றார் அண்ணன்.